எபனேசரின் பதினான்காவது ரெக்கார்டிங்

எபனேசர் வேலையை விட்டுப்போன முப்பத்தெட்டாம் நாள், மதியம் மூன்றே கால் மணிக்கு, அவர் எங்களுக்காகப் பதிவு செய்து வைத்துவிட்டுப் போன பதினான்கு வீடியோ ரெக்கார்டிங்குகளில் ஆறாவதை ஓடவிட்டு, அதற்கு எதிரில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்த நஸ்ரின், "இந்த டேட்டா டேபிள சிஸ்டம் எதுக்குத்தான் ரெண்டு தடவ படிக்குதோ" என்று தனக்குத்தானே அலுத்துக்கொண்டாள். திரையிலிருந்த எபனேசர் பேச்சை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அவளை நேராகப் பார்த்து, "மொத தடவ வண்டி நம்பர் மட்டும்தான் வரும், ரெண்டாவது தடவதான் அதோட டெம்பரேச்சர் வரும், ஒரே தடவையில படிச்சா ரெண்டும் மாறிப்போவும்" என்றார். நஸ்ரின் அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள்.

சோழிங்கநல்லூரில் எங்கள் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இது நடந்தது. டென்மார்க்கில் ஒரு கம்பெனி மருந்துகளைக் குளிர்வண்டிகளில் ஏற்றி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. எந்த வண்டி எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை முடிவு செய்கிற பழைய சிஸ்டம் எங்கள் பொறுப்பு. எங்கள் பொறுப்பு என்பது பேச்சுக்குத்தான். பதினோரு வருடமாக அது எபனேசர் ஒருவருடைய மண்டைக்குள் இருந்தது. யாராவது போய் எதையாவது கேட்டால், "அத எங்கிட்ட விட்டிருங்க" என்று சிரிப்பார். நாங்களும் விட்டுவிடுவோம். அவருக்குத் தன் இருப்பு தேவைப்பட்டது, எங்களுக்கு எங்கள் மாலை நேரங்கள் தேவைப்பட்டன, இரண்டு தரப்புக்கும் கொள்ளை திருப்தி.

அவர் ராஜினாமா செய்த பிறகுதான் கே.டி., அதாவது நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், என்ற சடங்கு வந்தது. போகிறவர் தனக்குத் தெரிந்ததை இருக்கிறவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். கேட்டுக்கொண்டவர்கள் அதைத் திருப்பி அவரிடமே சொல்லிக்காட்ட வேண்டும், அதற்கு ரிவர்ஸ் கே.டி. என்று பெயர், இரண்டும் முடிந்தது என்று படிவத்தில் டிக் அடித்தால்தான் ரிலீவிங் லெட்டர் கிடைக்கும். எபனேசர் 'தாமிரபரணி' என்ற மீட்டிங் ரூமைப் பதினான்கு நாள் எடுத்தார். முதல் நாள் ஐந்து பேர் போனோம், இரண்டாம் நாள் இரண்டு பேர், மூன்றாம் நாளிலிருந்து யாருமில்லை. "ரெக்கார்ட் பண்ணிருங்க எபி, நாங்க பாத்துக்கறோம்" என்றார் எங்கள் மேனேஜர் பார்த்திபன். காலி நாற்காலிகளைப் பார்த்து அந்த மனிதர் பன்னிரண்டு நாள் பேசினார். ஒவ்வொன்றின் முடிவிலும் "கேள்வி இருக்கா?" என்று கேட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து, ரெக்கார்டிங்கை நிறுத்தினார். ரிவர்ஸ் கே.டி. முடிந்ததாக நாங்கள் ஆறு பேரும் ஒரே மதியத்தில் டிக் அடித்துக் கொடுத்தோம். அதில் என்னுடைய டிக்கும் ஒன்று. நான் டெஸ்டிங் பிரிவு; எதையும் சரிபார்க்காமல் விடக்கூடாது என்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன்.

ரெக்கார்டிங் பதில் சொல்கிறது என்று தெரிந்ததும் மாடியில் ஒரு அமளியும் இல்லை. பழைய சிஸ்டத்தைத் தூக்கிவிட்டுப் புதியதை நிறுத்தும் வேலை தலைக்கு மேல் இருந்தது, புதியது ஓடத் தொடங்கும் கோ-லைவ் டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை என்று டென்மார்க்குக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது, பழைய சிஸ்டத்தில் ஒரு வரியும் எங்களுக்குப் புரியவில்லை. பார்த்திபன் வந்து பார்த்தார், ஒரு கேள்வி கேட்டார், பதில் வந்தது, "சூப்பர்" என்று சொல்லிவிட்டு வாராந்தர அறிக்கையில் 'கே.டி. உள்ளடக்கம் நல்ல பலன் தருகிறது' என்று எழுதினார். இரண்டு பேர் ஒரே சமயத்தில் கேட்டால் எபனேசர் முகம் சுளிக்கிறார் என்று தெரிந்ததால் முறை வைத்தோம், முறை தகராறானதால் நான் ஒரு எக்செல் ஷீட் போட்டேன்: யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம். அழகாக வண்ணமெல்லாம் கொடுத்திருந்தேன். ஆயுத பூஜைக்கு ஹவுஸ்கீப்பிங் அக்கா எல்லா மானிட்டருக்கும் சந்தனம் வைத்தபோது தாமிரபரணி அறைத் திரைக்கும் வைக்கப்போக, "அவர் கிறிஸ்டியன்க்கா" என்று யாரோ தடுத்தார்கள். அக்கா யோசித்து, ஒரு முழம் மல்லிகையை மட்டும் அதன் மேல் போட்டுவிட்டுப் போனார்.

திரையில் சில மாறுதல்கள் இருந்தன, கண்ணில் பட்டதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாற்பது நிமிடமாக இருந்த ஆறாவது ரெக்கார்டிங் மூன்று மணி நேரமாக வளர்ந்திருந்தது. அவர் பக்கத்தில் நிறைந்திருந்த தண்ணீர் பாட்டில் அக்டோபர் கடைசியில் காலியாகியிருந்தது. சவரம் செய்த முகத்தில் தாடி வரத் தொடங்கியிருந்தது. அவருக்குப் பின்னால் ஜன்னலில் தெரிந்த ஆகஸ்ட் வெயில் மட்டும் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது, வெளியே ஐப்பசி மழை கொட்டும்போதும்.

நவம்பர் முதல் வாரத்தில் ரிசப்ஷனிலிருந்து எனக்கு போன் வந்தது. எபனேசரின் மனைவி பியூலா வந்திருப்பதாகச் சொன்னார்கள். நானும் நஸ்ரினும் இறங்கிப் போனோம். நனைந்த குடையை மடக்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரஃப் நோட்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார்.

"நீங்க ஆபீஸ்ல எங்க வீட்டுக்காரர ஏதாவது செய்யுதீங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எங்களைக் கலக்கியது.

"எதுக்கு மேடம் அப்படிக் கேக்கறீங்க?" என்றாள் நஸ்ரின்.

"பேசிக்கிட்டே இருக்காரு, டக்குனு நின்னுபோறாரு. கண்ணு தொறந்திருக்கும், மூச்சு இருக்கும், ஆளு இல்ல. சோத்த அள்ளுன கை அந்தரத்துலயே நிக்கிது. போன வாரம் மேடவாக்கம் சிக்னல்ல பைக்கோட நின்னுட்டாரு, பச்ச விழுந்து மறுபடி செவப்பு விழுந்து, பின்னாடி ஒலகமே ஹார்ன் அடிக்கி. புது கம்பெனிக்காரன் ரெண்டு வாரம் பொறுத்துட்டு வீட்டுக்கு அனுப்பிட்டான். ஆஸ்பத்திரியில எல்லாம் பாத்தாச்சு, ஒண்ணுமில்லங்காங்க. நின்ன நேரத்தையெல்லாம் எழுதி வச்சிருக்கேன். ராத்திரி நிக்கமாட்டாரு, ஞாயித்துக்கெழம நிக்கமாட்டாரு. ஆபீஸ் நேரத்துலதான். அதான் கேக்கேன்."

நான் போனில் என் ஷீட்டைத் திறந்தேன். திறக்காமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் நோட்டைப் பார்த்து, "இருபத்தேழாந் தேதி, பதினொண்ணு நாப்பது, இருவது நிமிசம்" என்று வாசித்தார். என் ஷீட்டில் அக்டோபர் இருபத்தேழு, பதினொன்று நாற்பது, இருபது நிமிடம், பச்சை நிறத்தில் நஸ்ரின். "இருபத்தெட்டு, மூணு மணி, முக்கா மணி நேரம்." ஆரஞ்சு நிறத்தில் பார்த்திபன். இருவரும் இரண்டு பக்கம் வாசித்தோம், ஒரு வரியும் தப்பவில்லை.

அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். எங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அன்று சாயங்காலமே கூட்டம் போட்டோம், எல்லோரும் கலங்கித்தான் போயிருந்தோம், ஒருத்தி அழவும் செய்தாள். "ஆனா மருந்து வண்டி விஷயம்," என்றார் பார்த்திபன், "தப்பான வழியில போனா அங்க ஒரு நோயாளிக்கு மருந்து கிடைக்காது. அதையும் யோசிக்கணும்ல?" யோசித்தோம். யோசித்து, விதிகள் செய்தோம். ஒன்று முதல் இரண்டு வரை அவர் சாப்பிடும் நேரம், கேட்கக்கூடாது. அவர் வெளியே போகும்போது கேட்கக்கூடாது. இதற்காக பியூலாவைச் சேர்த்து ஒரு வாட்ஸாப் குரூப் தொடங்கினோம். 'சார் உக்காந்திருக்காரா?' என்று நாங்கள் கேட்போம், 'உக்காந்திருக்காரு' என்று அவர் பதில் போடுவார், பிறகு கேள்வி கேட்போம், முடிந்ததும் நன்றி சொல்லிக் கைகூப்பும் படம் போடுவோம். அந்தம்மா எப்படிச் சம்மதித்தார் என்று கேட்டால், கோ-லைவ் முடிந்ததும் கேள்வி தீர்ந்துவிடும், ஆள் திரும்பி வந்துவிடுவார் என்று நாங்கள் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தோம். கிறிஸ்துமஸுக்குச் சொந்த ஊர் நாசரேத்துக்குப் போக மகளோடு சேர்த்து மூன்று பேருக்கும் நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்திருப்பதாகவும், அதற்குள் அவர் தன் காலால் ரயிலேற வேண்டும் என்றும் மட்டும் கேட்டுக்கொண்டார்.

டிசம்பர் நெருங்க நெருங்கக் கேள்விகள் பெருகின. வீட்டில் நாள் முழுக்க ஒரு ஆளைக் காவல் காப்பது பியூலாவுக்கு முடியவில்லை, அவர் தையல் வகுப்பு எடுக்கிறவர். அதனால் பார்த்திபன் ஒரு ஏற்பாடு செய்தார். காலையில் எபனேசரைக் கார் வைத்து அழைத்து வந்து, கழுத்தில் விசிட்டர் அட்டை மாட்டி, ரிசப்ஷன் சோபாவில் உட்கார வைத்தோம். கீழே அவர் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். மேலே அவர் பேசிக்கொண்டிருப்பார். செக்யூரிட்டி அண்ணன் மணிக்கொரு தரம் காபி வைப்பார், ஆறியதும் எடுத்துப்போவார். லிஃப்டுக்குப் போகும் வழியில் நாங்கள் எல்லோரும் "குட் மார்னிங் எபி" என்று சொல்லிவிட்டுப் போவோம். இவ்வளவு மரியாதையாக யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

நஸ்ரின் மட்டும் இளைத்துக்கொண்டே போனாள். ஆம்பூர்ப் பெண், வாய் ஓயாமல் பேசுகிறவள், இப்போது பேசுவதில்லை. ஒருநாள் என்னிடம் வந்து, "நாம டிக் அடிச்சோமே, ரிவர்ஸ் கே.டி., அது பொய்தான?" என்று கேட்டாள்.

"எல்லாரும் அப்படித்தான் அடிப்பாங்க."

"அவரு ஒப்படைச்சாரு, நாம வாங்கிக்கல. அதான் அவரால போவ முடியல. நா வாங்கிக்கப்போறேன்."

கேள்வி கேட்பதை அன்றோடு நிறுத்தினாள். பதினான்கு ரெக்கார்டிங்கையும் முதலிலிருந்து கேட்டாள், பழைய சிஸ்டத்தின் கோடிங்கை வரி வரியாகப் படித்தாள், தனக்குப் புரிந்ததை எங்கள் மூன்று பேருக்குச் சொல்லித்தந்தாள், எங்களுக்கு விளங்காத இடத்தில் தனக்கும் விளங்கவில்லை என்று கண்டுபிடித்து மறுபடி படித்தாள். பிறகு தினமும் தாமிரபரணி அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, தானே பாடம் நடத்தினாள். எபனேசர் தலையசைத்துக் கேட்பார், தப்பாகச் சொன்னால் விரலை உயர்த்துவார், சரியாகச் சொன்னால் "ம்" என்பார். ஒவ்வொரு பாடம் முடியும்போதும் ஒரு ரெக்கார்டிங் தானாக மூடிக்கொண்டது, அது மறுபடி திறக்கவே இல்லை. கோ-லைவுக்கு இரண்டு நாள் முன்பு பதினான்காவது பாடத்தைச் சொல்லி முடித்தாள். எபனேசர் "ரொம்ப நல்லது" என்றார். பின்பு, "வேற கேள்வி இருக்கா?" என்றார்.

"இல்ல" என்றாள் நஸ்ரின்.

ரெக்கார்டிங் மூடவில்லை. கதவோரம் நின்ற நாங்களும் உள்ளே போய், "இல்ல எபி, கேள்வி இல்ல" என்றோம். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எங்களுடைய 'இல்ல'வை அவர் பதினோரு வருடமாகக் கேட்டவர், அதை நம்ப அவருக்கு ஒரு காரணமும் இல்லை. கைகளை மேஜை மேல் கோர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கம்ப்யூட்டரை அணைத்தோம், போட்டதும் முதலில் அவர்தான் வந்தார், காத்துக்கொண்டு. அழித்துவிடலாம் என்று ஒருவன் சொன்னான். அழித்தால் கீழே இருப்பவருக்கு என்ன ஆகும் என்று நஸ்ரின் கேட்டதும் அவன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

சொன்ன தேதியில் கோ-லைவ் நடந்தது. ஒரு வண்டியும் வழி தவறவில்லை. டென்மார்க்கிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது, அறிவுப் பகிர்வுக்கு எடுத்துக்காட்டான பிராஜெக்ட் என்று எங்கள் படத்தை லிஃப்ட் அருகில் ஒட்டினார்கள், ஐந்தாவது மாடியில் கேக் வெட்டினோம். ஒரு துண்டைக் காகிதத் தட்டில் வைத்து ரிசப்ஷனுக்கும் அனுப்பினோம். அது சோபாவின் கைப்பிடி மேலேயே இருந்தது. முன்பெல்லாம் கேள்வி முடிந்ததும் அவர் கண்ணுக்குள் வெளிச்சம் வரும், "எந்த எடம் இது?" என்று கேட்டபடி எழுந்துகொள்வார், இப்போது கேள்வியே இல்லை, மேலே அவர் காத்திருந்தார், கீழே அவர் எழுந்திருக்கவில்லை. ஒன்பது நாள். காலையில் கொண்டுவந்து உட்கார வைத்து, மாலையில் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினோம். பியூலா குரூப்பில் ஒன்றும் எழுதவில்லை.

இருபத்திரண்டாம் தேதி மாலை நான்கு மணிக்கு பியூலாவே வந்தார். இரண்டு பெட்டி, ஒரு கேரியர், கூடவே மகள் எஸ்தர். அன்று இரவு ரயில். மகளை அப்பா பக்கத்தில் சோபாவில் உட்கார வைத்துவிட்டு, பதிவேட்டில் பெயரெழுதி, அட்டையை மாட்டிக்கொண்டு, "எனக்கு அந்த ரூமக் காட்டுங்க" என்றார். வெளியாட்களுக்கு மேலே அனுமதி இல்லை. பார்த்திபன் லிஃப்ட் வரைக்கும் வந்து எதையோ சொல்ல வாயெடுத்தார், நஸ்ரின் அவரைப் பார்த்த பார்வையில் நகர்ந்துகொண்டார்.

திரையில் கணவரைப் பார்த்ததும் பியூலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தாடியும் கலைந்த தலையுமாக எபனேசர் அவரைப் பார்த்தார்; அடையாளம் தெரிந்ததாகக் காட்டவில்லை. "கேள்வி இருக்கா?" என்றார்.

"இத்தன நாளும் என்னய மேல கூட்டிட்டு வந்திருக்கலாம்லா?" என்று பியூலா எங்களிடம் சொன்னார். "அவருக்குத் தெரிஞ்சத கேட்டாக்க விடிய விடிய உக்காந்து பேசுவாரு. தெரியாதத கேட்டாதான் எந்திச்சுப் போவாரு. வீட்லயும் அப்படித்தான். கல்யாணமாயி பதினஞ்சு வருசமா பாக்கேன்." பிறகு திரைக்கு முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எஸ்தர் அப்பா, ஒங்க மக எத்தனாவது படிக்கா?" என்று கேட்டார்.

எபனேசர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். முன்னால் இருந்த கம்ப்யூட்டரில் தேடத் தொடங்கினார். பதினோரு வருட ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்தார், வண்டிகள், வழிகள், ஆஸ்பத்திரிகள், பனிக்காலத்துக்கு ஒரு அட்டவணை, பாலங்களுக்கு ஒரு அட்டவணை. திறந்து பார்த்து, மூடி, அடுத்ததைத் திறந்தார். அவர் நெற்றி வியர்த்தது. அவர் தேடிக்கொண்டிருந்த இடங்களில் எல்லாம் எங்கள் பெயர்கள் இருந்தன, நாங்கள் பிறந்தநாள் கொண்டாடிய தேதிகள்கூட இருந்தன.

"தெரியுமா, தெரியாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார் பியூலா.

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தெரியாது" என்றார். பதினோரு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் நாங்கள் கேட்டதே இல்லை. சொன்னதும் அவருக்கே அது இதமாக இருந்தது போலிருக்கிறது, தோள்கள் இறங்கின. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, கதவைத் திறந்து, திரையிலிருந்து வெளியே போனார். காலி அறையில் ஆகஸ்ட் வெயில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு பதினான்காவது ரெக்கார்டிங் மூடிக்கொண்டது.

நாங்கள் லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் ஓடினோம். ரிசப்ஷனில் எபனேசர் எழுந்து நின்றிருந்தார், தன் காலால், யாரும் பிடிக்காமல். செக்யூரிட்டி அண்ணன் கைதட்டினார், நஸ்ரின் அழுதுவிட்டாள். பியூலா கடைசிப் படியிலேயே நின்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். எபனேசர் எங்களையெல்லாம் பொதுவாக ஒருமுறை பார்த்தார், சோபாவில் தலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார், அவளுக்கு முன்னால் குனிந்து, பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பிள்ளையைக் கேட்கிற குரலில், "பாப்பா, நீ எத்தனாவது படிக்கே?" என்றார்.

எஸ்தர் அம்மாவைப் பார்த்தாள். பிறகு, "ஏழாவதுப்பா. பி செக்‌ஷன்" என்றாள்.

"அப்படியா," என்றார் அவர். "ஒன் பேரு?"

திரையிலிருந்து கீழே இறங்கி வந்தவர் 'தெரியாது' என்று சொல்லிவிட்டு எழுந்துபோன அந்த ஆள்தான், அவரிடம் இருந்த மற்ற எல்லாவற்றையும் நாங்கள் முறை வைத்து, நேரம் குறித்து, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டுவிட்டோம் என்று எனக்கு அப்போது விளங்கியது. அதற்குப் பிறகு எந்தப் படிவத்திலும் நான் டிக் அடித்ததில்லை. அன்றைக்கு அங்கே நின்று அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்றுதான் தோன்றியது.

"எஸ்தர்" என்றாள் மகள்.

"நல்ல பேரு. அம்மா பேரு?"

எஸ்தர் மறுபடி அம்மாவைப் பார்த்தாள். பியூலா மெதுவாக நடந்துபோய், பெட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு, சோபாவின் மறுபக்கத்தில் உட்கார்ந்தார். கணவர் கழுத்திலிருந்த விசிட்டர் அட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"சொல்லு எஸ்தரு," என்றார். "அப்பா எதக் கேட்டாலும் சொல்லு. ரயிலுக்கு இன்னும் நாலு மணி நேரம் கெடக்கு."